மோட்டார்ஹோம் தண்ணீர் தொட்டி உறையாமல் காப்பது: பல குளிர்காலங்களின் பயன்பாட்டு அனுபவம்

குளிர்காலத்திலும் மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியை, ஓட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் தொட்டியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தொட்டிக்குப் போர்வை, தொட்டிக்கு ஹீட்டர், தொட்டிக்கு அடியில் ஃபோம் என்று பணம் எல்லாம் அங்கேயே போகிறது. பல குளிர்காலங்கள் ஒரே வண்டியில் தங்கியும் பயணம் செய்தும் பார்த்த பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: தொட்டி கடைசியாகத்தான் உறைகிறது. முதலில் உறைவது வடிகால் வால்வு, பம்பின் வடிகட்டிக் கிண்ணம், தரைக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தெரியும் பைப் போன்ற சின்னச் சின்ன இடங்கள். தொட்டியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். குழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வராது.

காரணம் எளிது. 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து பூஜ்யம் வரை குளிர ஓரளவு வெப்பத்தை இழந்தால் போதும். பூஜ்யத்துக்கு வந்த அதே தண்ணீர் முழுவதும் பனிக்கட்டியாக மாற வேண்டுமானால், அதைப் போல எட்டு மடங்கு வெப்பத்தை இழக்க வேண்டும். ஆகவே நிறைந்த தொட்டி ஒரே இரவில் கட்டியாகிவிடுவது அரிது. சுவரை ஒட்டி மெல்லிய ஏடு படியும், அவ்வளவுதான். ஆனால் 12 மில்லிமீட்டர் பைப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 மில்லிக்கும் குறைவான தண்ணீர்தான் இருக்கிறது. அது உறைய இரவு முழுவதும் தேவையில்லை.

என் வண்டியில் நல்ல தண்ணீர் தொட்டி உள்ளே, இருக்கைக்கு அடியில் இருக்கிறது. கழிவுநீர் தொட்டி வண்டிக்கு அடியில் வெளியே தொங்குகிறது. பெரும்பாலான வண்டிகளில் இதுதான் அமைப்பு. இரண்டு தொட்டிகளும் வெளியே தொங்கும் வண்டி வைத்திருப்பவர்கள் நான் கழிவுநீர் தொட்டிக்குச் சொல்வதையெல்லாம் இரண்டுக்குமாக எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. பனிக்கட்டி உப்பி பைப்பைக் கிழிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பல நேரங்களில் நடப்பது வேறு. பைப்பின் நடுவில் ஓரிடத்தில் பனி அடைப்பு உருவாகிறது. அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் இடையில் உறையாத தண்ணீர் சிறைப்பட்டுக் கிடக்கிறது. அடைப்பு வளர வளர, போக வழியில்லாத அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏறுகிறது. கடைசியில் எது பலவீனமோ அது விடுகிறது. பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் பைப் ஓரளவு வளைந்து கொடுக்கும். பைப் திரும்பும் இடத்தில் மாட்டும் எல்போவும் மற்ற இணைப்பும் கொடுக்காது. அதனால்தான் விரிசல் பனி பிடித்த இடத்தில் இல்லாமல், வெதுவெதுப்பாக இருந்த சமையல் மேடைக்கு அடியில் தென்படுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் செலவே இல்லாத ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. படுக்கப் போகும் முன் பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, அந்தக் குழாயைத் திறந்த நிலையிலேயே விட்டுவிடுங்கள். கலவைக் குழாயாக இருந்தால் கைப்பிடி நடுவில் இருக்க வேண்டும். அப்போதுதான் சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் இரண்டும் திறந்திருக்கும். அடைப்பு உருவானாலும் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்கும். நான் செய்துபார்த்த எல்லா ஏற்பாடுகளிலும் இதற்கு ஈடான பலன் தந்தது எதுவுமில்லை.

முதலில் உடையக்கூடிய பொருள்கள் எவை என்றும் சொல்லிவிடுகிறேன். பம்புக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வடிகட்டிக் கிண்ணம், குடிநீர் வடிகட்டியின் உறை, ஷவர் கலவைக் குழாயின் உள் கார்ட்ரிட்ஜ், கழிவறையின் நீர் வால்வு. முதல் குளிர்காலத்திலேயே என் வடிகட்டிக் கிண்ணம் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டது. தண்ணீர் ஒழுகவில்லை, பதிலாக பம்பு காற்றை இழுக்கத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பியது, பம்பின் ஓசையும் மாறியது. கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் அந்தக் கீறல் தெரிந்தது. பம்பு தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் பாகம் என்பதால் இப்படி. பம்பே கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுப் பம்பு வாங்கிவிடாதீர்கள்; முதலில் கிண்ணத்தைப் பாருங்கள்.

கழிவுநீர் தொட்டியின் வால்வு

இதைப் பற்றி மட்டும் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குளிர்காலத் தொல்லைகளில் பாதிக்கு மேல் இங்கேதான்.

இழுத்துத் திறக்கும் வால்வில் ஒரு தகடு பள்ளத்துக்குள் சரிந்து போய் வருகிறது. தொட்டியை முழுவதும் வடித்த பிறகும் அந்தப் பள்ளத்தில் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் தங்கிவிடுகிறது. தொட்டியின் அடிமட்டத்தில், வால்வுக்கு நேர் மேலே இன்னும் கொஞ்சம் தேங்கும். வண்டி ஓடும்போது அடியில் வீசும் காற்று இந்த ஒரு தேக்கரண்டித் தண்ணீரைத்தான் முதலில் பிடிக்கிறது. மறுமுறை கைப்பிடியை இழுத்தால் அசையாது. பலம் கொடுத்து இழுத்தால் தண்டு கையோடு வரும், தகடு உள்ளேயே நிற்கும். தொட்டி நிறைந்திருக்கும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

எனக்குப் பலன் தந்த வழி: தொட்டியை வடித்து வால்வை மூடியவுடன், ஒரு குவளை புரோப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்புத் திரவத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் (சிங்க்) வழியாக ஊற்றுவது. அது முதலில் சிங்குக்கு அடியில் இருக்கும் வளைவுப் பைப்பில் தேங்கிய தண்ணீருடன் கலக்கிறது. பிறகு காலித் தொட்டியின் மிகத் தாழ்வான இடத்துக்கு, அதாவது வால்வின் வாய்க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. நிறைந்த தொட்டியில் ஊற்றினால் அதே திரவம் விழலுக்கு இறைத்த நீர்தான். வடித்தவுடன் ஊற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. திரவம் வாங்கும்போது புரோப்பிலீன் கிளைக்கால் என்று எழுதியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நச்சு. அது எந்தத் தண்ணீர் தொட்டியின் பக்கமும் வரக் கூடாது. கார் முகப்புக் கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் கழிவுநீர் தொட்டியில் ஊற்றுபவர்களும் உண்டு. அவற்றில் சிலவற்றில் மெத்தனால் இருக்கிறது, அதுவும் நச்சு. வடிக்கும் இடத்தில் அது மண்ணுக்கும் நீருக்கும் போகிறது.

உப்பு போடலாமா என்று கேட்பவர்களும் நிறைய. உப்பு உறைநிலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் 100 லிட்டர் தண்ணீர் மைனஸ் 6 டிகிரி வரை உறையாமல் இருக்க ஏறத்தாழ 10 கிலோ உப்பு வேண்டும். இரண்டு கைப்பிடி போடுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. உலோகப் பாகங்கள் அரிக்கும் என்பது தனி. நான் ஒரு பருவத்துக்கு மேல் அதைத் தொடரவில்லை.

வால்வைத் திறந்தே விட்டுவிட்டு அடியில் வாளி வைப்பது இன்னொரு வழக்கம். ஓரிடத்தில் நின்று தங்கும்போது இது வேலை செய்கிறது, ஆனால் கவனம் வேண்டும். ஒழுகும் தண்ணீர் மெல்லிய தாரையாக வந்தால், வால்வுக்குப் பிறகு உள்ள பைப்பின் உதட்டில் பனி அடுக்கடுக்காகப் படிந்து கடைசியில் வாயையே அடைத்துவிடும். பைப் குட்டையாக, செங்குத்தாக இருந்தால்தான் இந்த முறை சரி. வாளியும் வளைந்து கொடுக்கும் ரப்பர் வாளியாக இருக்கட்டும். உறைந்த கட்டியை அழுத்தித் தட்டினால் முழுசாக வெளியே வந்துவிடும். கடினப் பிளாஸ்டிக் வாளி ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. என் வண்டியின் வெளியேற்றும் பைப் நீளமானது, கொஞ்சம் படுத்தாற்போல் போகிறது. அதனால் நான் வால்வை மூடியே வைத்து, தொட்டி ஓரளவு சேர்ந்ததும் ஒரே வீச்சில் வடித்துவிடுகிறேன். வேகமாகப் பாயும் தண்ணீர் பைப்பில் தங்குவதில்லை.

ஹீட்டர் பேட்: எதிர்பார்ப்பைச் சரியாக வைத்தால் நல்ல பொருள்

தொட்டியின் அடியில் ஒட்டும் 12 வோல்ட் ஹீட்டர் பேடை நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். கழிவுநீர் தொட்டிக்கு ஒன்று, வால்வையும் எல்போவையும் சுற்றிச் சிறிய ஒன்று. தெர்மோஸ்டாட் தொட்டியின் சூடு சுமார் 5 டிகிரிக்கு இறங்கியதும் ஓடத் தொடங்கி, நன்றாக வெதுவெதுப்பானதும் நின்றுவிடும். இவ்வளவு காலத்தில் ஒட்டு விடவில்லை. ஒட்டும் முன் தொட்டியின் பரப்பை ஆல்கஹாலால் துடைத்து, வெயில் ஏறிய நேரத்தில் ஒட்டியது அதற்குக் காரணமாக இருக்கலாம். குளிர்ந்த பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது.

கணக்கைப் பார்ப்போம். 60 வாட் பேட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். நிற்காமல் 10 மணி நேரம் ஓடினால் 50 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் நிம்மதியாக எடுக்கக்கூடியது அவ்வளவுதான், குளிரில் அதுவும் குறையும். ஆகவே பேடின் மேல், வெளிப்பக்கத்தில் வெப்பக்காப்பு இல்லாமல் அதை ஓட்டுவது பேட்டரியை வைத்து ஊரைச் சூடேற்றுவதாகும். மூடிய துளைகள் கொண்ட ஃபோமை 25 மில்லிமீட்டர் தடிமனில் தொட்டியைச் சுற்றிப் பொருத்திய பிறகு, பேட் ஓடும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. திறந்த துளை ஃபோம் வேண்டாம்; சாலையில் தெறிக்கும் தண்ணீரைக் குடித்து, அதுவே உறைந்து தொட்டியோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு விஷயங்களை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. ஒன்று, காலித் தொட்டியில் பேடை ஓட விடக் கூடாது. சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் ஓரிடத்தில் அளவுக்கு மீறிச் சூடாகும். வடிக்கப் போகும் முன் பேடின் சுவிட்சை அணைப்பது இப்போது எனக்குக் கை போன போக்கில் வந்துவிட்டது. இரண்டு, உறைந்த தொட்டியை உருக்கும் திறன் பேடுக்குக் கிடையாது. 100 லிட்டர் தண்ணீர் உறைந்த பனிக்கட்டியை உருக்க ஆகும் வெப்பத்தை 60 வாட்டில் கொடுத்தால், துளி வெப்பமும் வெளியே வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 6 நாளுக்கு மேல் ஆகும். தொட்டியில் இன்னும் சூடு இருக்கும்போதே போட்டால் காப்பாற்றும். உறைந்த பிறகு போட்டால் பேட்டரிதான் காலியாகும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறியவர்களுக்கு ஒரு சொல். பூஜ்யத்துக்குக் கீழே அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், அதற்குள் ஏற்றக் கூடாது. தரமான பேட்டரிகளில் உள்ள பாதுகாப்புச் சுற்று குளிரில் சார்ஜ் ஏறுவதைத் தானே நிறுத்திவிடும். இரவு முழுவதும் பேட் ஓடி இறங்கிய பேட்டரி, காலையில் சூரியத் தகட்டில் வெயில் நன்றாக விழுந்தும் ஏறவில்லை என்றால் காரணம் அதுதான். பேட்டரியை வண்டியின் சூடான உட்பகுதிக்குள் வைப்பதே தீர்வு.

வெளியே தெரியும் பைப்புக்குத் தானே சூட்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஹீட்டர் கேபிள் நன்றாக இருக்கிறது. குளிர்ந்த இடத்தில் அதிகமாகவும், சூடான இடத்தில் குறைவாகவும் அதுவே மின்சாரம் எடுக்கிறது. சாதாரண வகைக் கேபிளைத் தன்மேல் தானே குறுக்கே படும்படி சுற்றினால் அந்த இடம் கருகும். இந்த வகையில் அந்த ஆபத்து குறைவு. வெளி மின்இணைப்பு கிடைக்கும் இடங்களில் நான் இதை முழுநேரமும் போட்டுவைக்கிறேன்.

உள்ளிருக்கும் சூடு தொட்டிவரை போகிறதா

வெப்பக்காப்பு வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இழப்பைத் தாமதப்படுத்துகிறது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி, தொட்டியும் பைப்பும் இருக்கும் இடத்துக்கு எங்கிருந்து சூடு வருகிறது என்பதுதான்.

பல வண்டிகளில் சூடான காற்று ஊதும் ஹீட்டரின் ஒரு குழல் தொட்டி இருக்கும் அறை வழியாகவோ இரட்டைத் தளத்தின் இடைவெளி வழியாகவோ போகிறது. இங்கே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. வெளி மின்சாரம் கிடைத்த இடத்தில், எரிவாயுவைச் சேமிக்கலாம் என்று சிறிய மின்சார ஹீட்டரைக் கூடத்தில் வைக்கிறோம். கூடம் கதகதப்பாக இருக்கிறது. தெர்மோஸ்டாட்டும் கூடத்தில்தான் இருக்கிறது; அது திருப்தியடைந்து பிரதான ஹீட்டரை எழுப்புவதே இல்லை. தொட்டி அறைக்குப் போகும் குழலில் காற்று ஓடுவதில்லை. மேலே மனிதர்கள் வியர்க்க, கீழே பைப் உறைகிறது. மின்சார ஹீட்டர் வைப்பதானால் அதன் சூட்டைக் குறைத்து வைத்து, பிரதான ஹீட்டரும் இடையிடையே ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளைக்கால் கலந்த திரவத்தைச் சுவரோரப் பைப்புகளில் சுற்றவிடும் ஆல்டே போன்ற அமைப்புகள் இந்த விஷயத்தில் மேல். சூடு எல்லா மூலைகளுக்கும் சீராகப் போகிறது. எடையும் பராமரிப்பும் கூடுதல். அந்தத் திரவத்தைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்.

அலமாரிக் கதவுகளை இரவில் திறந்து வைப்பது, வெளிச்சுவரை ஒட்டி அடுக்கிய துணிமூட்டைகளைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பது, இவை சின்ன வேலைகள், பலன் பெரியது. பைப் ஓடும் மூலைக்குக் காற்று போகவிடாமல் சாமான்களை அடைத்துவிட்டு எவ்வளவு பெரிய ஹீட்டர் வைத்தாலும் பயனில்லை.

எரிவாயு சிலிண்டரில் என்ன வாயு என்பதையும் பார்க்க வேண்டும். பூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே திரவமாகவே இருந்துவிடுகிறது. ஹீட்டருக்கு வாயு வராது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். இரண்டும் கலந்த சிலிண்டரில் புரோப்பேன் முதலில் தீர்ந்து, பூட்டேன் அடியில் நிற்கும். எடை போட்டால் சிலிண்டர் கனக்கும், அடுப்பு மட்டும் எரியாது. குளிர்காலத்துக்குச் சுத்தமான புரோப்பேன்தான் வேண்டும்.

பாய்லரின் உறைபனி வால்வு பற்றியும் பலருக்குக் குழப்பம். ஹீட்டரும் பாய்லரும் ஒன்றாக உள்ள ட்ரூமா காம்பி போன்ற அமைப்புகளில் சுற்றுப்புறம் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் மின்சாரமில்லாமலேயே திறந்து பாய்லர் தண்ணீரைக் கீழே விட்டுவிடும் ஒரு வால்வு உண்டு. பாய்லரைக் காப்பதற்காகத்தான் அது. அந்த நேரத்தில் பம்பு ஓடும் நிலையில் இருந்தால், அழுத்தம் குறைகிறதே என்று பம்பு தள்ளிக்கொண்டே இருந்து நல்ல தண்ணீர் தொட்டி முழுவதையும் தரையில் கொட்டிவிடும். பம்பை இரவில் அணைக்கச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். வால்வைக் கவ்வி போட்டு மூடிவைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். போன தண்ணீரை நிரப்பிக்கொள்ளலாம். வெடித்த பாய்லரை அப்படிச் சரிசெய்ய முடியாது. வால்வு இருக்கும் அலமாரி சூடாக இருந்தால் அது திறக்கவே திறக்காது.

ஓடும்போதுதான் ஆபத்து அதிகம்

நின்று தங்கும் இரவுகளைவிட, ஓட்டிக்கொண்டு போகும் பகல்களில்தான் எனக்குத் தொல்லை கூடுதலாக வந்திருக்கிறது. வானிலை அறிக்கையில் காற்றோடு சேர்த்து உணரும் குளிர் என்று தனியாக ஓர் எண் சொல்கிறார்கள். அது தோலுக்கான கணக்கு. காற்று எவ்வளவு வீசினாலும் தொட்டி காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. ஆனால் அந்த வெப்பநிலையை வெகு சீக்கிரம் எட்டிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் வண்டியின் அடியில் வீசுவது புயல்காற்று. அதே நேரம் பின்பகுதி ஹீட்டர் பெரும்பாலும் அணைந்திருக்கும்.

அதனால் புறப்படும் முன் கழிவுநீர் தொட்டியைக் காலி செய்துவிடுகிறேன். நல்ல தண்ணீர் தொட்டியில் முக்கால் பங்கு வைக்கிறேன். தண்ணீர் அதிகம் இருந்தால் மெதுவாகக் குளிரும், ஆனால் விளிம்புவரை நிறைந்திருந்தால் விரிவடைய இடம் இருக்காது. முக்கால் என்பது இரண்டுக்கும் நடுவில் எனக்குச் சரியாக வந்த அளவு. ஓடும்போது ஹீட்டர் போட வேண்டுமானால் டீசல் ஹீட்டர் வசதியானது. எரிவாயு ஹீட்டராக இருந்தால், விபத்தில் வாயுவை நிறுத்தும் மோதல் உணரியுள்ள ரெகுலேட்டர் இருக்க வேண்டும். இதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு.

மலையேறும் பயணங்களில் 1000 மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கு கைகொடுக்கும். அடிவாரத்தில் 5 டிகிரி என்றால் 1500 மீட்டர் மேலே மைனஸ் 5 டிகிரிக்குப் பக்கம். ஆனால் மேகமற்ற, காற்றில்லாத இரவில் இந்தக் கணக்கு தலைகீழாகும். கனமான குளிர்காற்று சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். அப்படிப்பட்ட இரவுகளில் பள்ளத்தாக்கின் அடியில், ஓடை ஓரத்தில் வண்டியை நிறுத்துவதைவிட, சரிவில் சற்று மேலே நிறுத்துவது நல்லது.

வெளியிலிருந்து தண்ணீர் இணைப்பு கிடைக்கும் இடங்களில் ஹோஸை இரவு முழுவதும் மாட்டி வைக்காதீர்கள். தொட்டியை நிரப்பிக்கொண்டு, ஹோஸைக் கழற்றி, ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து முழுவதும் வடித்து, சுருட்டி உள்ளே வைத்துவிடுவதுதான் என் வழக்கம். சூடேற்றும் ஹோஸ் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கு அது தகும்.

அடிப்பகுதியை மூடும் ஆர்வத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தரையில் எரிவாயு வெளியேறுவதற்கான துளைகள் இருக்கின்றன. கசியும் வாயு காற்றைவிடக் கனமானது. அந்தத் துளை வழியாகத்தான் கீழே இறங்கிப் போக வேண்டும். காற்று வருகிறதே என்று அதை ஃபோமால் அடைப்பது உயிரோடு விளையாடுவது. வண்டியைச் சுற்றிப் பாவாடைபோல் துணி கட்டுபவர்கள், ஹீட்டரின் புகைபோக்கி அந்தத் துணிக்குள் வரவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பனி பெய்த காலைகளில் புகைபோக்கியின் வாயைத் துடைத்துவிட்டே ஹீட்டரை ஓட விட வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் குளிர்கால இரவைக் கழிக்கவே வேண்டாம்.

வாங்கியதில் மிக உபயோகமானது

கம்பி முனை உணரிகளோடு வரும் சாதாரணத் தெர்மாமீட்டர். ஒரு முனையைக் கழிவுநீர் வால்வின் மேல், ஒன்றைப் பம்பின் அருகில், ஒன்றைப் பாய்லரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் பைப்பின் மேல் ஒட்டியிருக்கிறேன். 4 டிகிரிக்கு இறங்கினால் ஒலி எழுப்பும்படி வைத்திருக்கிறேன். கூடத்தில் 20 டிகிரி இருக்கும்போது பம்பு இருக்கும் மூலையில் 3 டிகிரி காட்டிய இரவுகள் உண்டு. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எங்கே ஃபோம் வேண்டும், எந்த அலமாரிக் கதவைத் திறக்க வேண்டும் என்பது தெளிவானது. ஹீட்டர் பேடுக்குச் செலவழிக்கும் முன் இதை வாங்கி ஒரு வாரம் பாருங்கள் என்பேன்.

புது வண்டி பார்ப்பவர்கள் விளம்பரத்தில் வரும் 'நான்கு பருவம்' என்ற சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஐரோப்பாவில் ஈ.என். 1646 என்ற தரநிலை இருக்கிறது. அதில் மூன்றாம் நிலைச் சான்று என்றால், வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 டிகிரிவரை சூடேற்ற முடிய வேண்டும், தண்ணீர் அமைப்பும் வேலை செய்ய வேண்டும். எந்த நிலைச் சான்று என்று கேளுங்கள். பிறகு தரையில் படுத்து, கழிவுநீர் வால்வு மூடிய பெட்டிக்குள் இருக்கிறதா, வெட்டவெளியில் தொங்குகிறதா என்று நீங்களே பாருங்கள்.

உறைந்தே போனால்

பம்பை அணைத்து, குழாயைத் திறந்து வையுங்கள். குழாய் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கி நகர வேண்டும். உருகும் தண்ணீர் வெளியே வர வழி இருக்கும். முடி உலர்த்தும் கருவி அல்லது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். கொதிநீரைப் பிளாஸ்டிக் வால்வில் ஊற்றினால் அது அங்கேயே விரிசல் விடும். தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். தண்ணீர் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாமல், எல்லா இணைப்புகளையும் கையால் தடவிப் பாருங்கள். பனி இருந்தவரை அடைபட்டிருந்த விரிசல், உருகிய பிறகே ஒழுகும்.

வண்டியைச் சில வாரம் நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால் ஹீட்டர், பேட் எதையும் நம்பாமல் முழுவதும் வடித்துவிடுவதே மேல். தொட்டிகள், பாய்லர், பிறகு எல்லாக் குழாய்களும் நடுநிலையில் திறந்தபடி. ஷவர் தலையைக் கழற்றித் தரையில் வைக்க வேண்டும். மேலே மாட்டியிருந்தால் அதன் ஹோஸில் தண்ணீர் நிற்கும். வடிகட்டிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றிக் காலி செய்ய வேண்டும். பம்பைச் சில நொடிகள் வெறுமனே ஓடவிட்டால் அதன் வயிற்றில் இருப்பதும் வந்துவிடும். காற்றழுத்தக் கருவியால் ஊதுபவர்கள் 2 பார் அளவைத் தாண்ட வேண்டாம். சிங்குக்கு அடியில் உள்ளதைப் போன்ற வளைவுப் பைப்புகளில் உறைதடுப்புத் திரவம் ஊற்றுங்கள். அதன் புட்டியில் போட்டிருக்கும் மைனஸ் எண் பைப் வெடிக்காமல் காக்கும் எல்லை. அந்த எண்ணுக்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும், அது சாதாரணம்தான். கழிவறைப் பெட்டியையும் காலி செய்து, அதன் ரப்பர் வளையத்தைத் துடைத்து உலரவிடுங்கள்.

குளிர் முடிந்து மறுபடி நிரப்பும்போது, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பம்பைப் போட்டு விடுங்கள். அழுத்தம் ஏறியதும் அது நின்றுவிட வேண்டும். யாரும் தண்ணீரைத் தொடாமலேயே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒரு நொடி உறுமி நின்றால் எங்கோ ஒழுகுகிறது. உலர்ந்த காகிதத் துண்டை ஒவ்வொரு எல்போவிலும் சுற்றி வைத்துவிட்டுக் காத்திருங்கள். எது நனைகிறதோ அதுதான் மாற்ற வேண்டிய இணைப்பு.